காலி பானக் கேன் மறுபடியும் கேனாகவே வருமா? எடைக்குப் போட்ட பிறகு அது எங்கே போகிறது?

பதிவு 1 | தேன்மொழி டீச்சர், ஈரோடு

வணக்கம். எங்கள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் விளையாட்டு விழா முடிந்ததும் மைதானத்தில் கிடந்த காலி கேன்களைப் பிள்ளைகள் பொறுக்கி இரண்டு சாக்கு நிறையக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து வடியவிட்டுத்தான் போட்டார்கள். அப்படியும் மறுநாள் காலையில் சாக்கின் அடியில் இனிப்புத் தண்ணீர் கசிந்து எறும்பு வரிசை கட்டியிருந்தது.

சாக்கைத் தூக்கும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இதை எடைக்குப் போட்டா திரும்ப கேனாவே வருமா, இல்ல வேற ஏதாச்சும் ஆயிடுமா?" அலுமினியம் மறுசுழற்சிக்கு ஏற்றது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பதிவு 2 | எடைக்கடை மகன், மதுரை

டீச்சர், எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழைய இரும்புக் கடை. எங்கள் கடையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

கேன் வந்ததும் முதல் வேலை காந்தம். கயிற்றில் கட்டின காந்தத்தைச் சாக்குக்குள் விட்டுத் துழாவினால் இரும்புத் தகர டப்பா எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பழச்சாறு, காபி டப்பாக்களில் சில இரும்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடுத்தது நசுக்கின கேனைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே மண்ணோ கல்லோ போட்டு மிதித்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கேன் ஒன்று பத்துப் பன்னிரண்டு கிராம்தான், ஒரு பிடி மணல் போட்டால் எடை ஏறிவிடுமே.

அலுமினியத்தில் கேனுக்குத்தான் விலை குறைவு. ஒயர், பழைய பாத்திரம், ஜன்னல் சட்டம், என்ஜின் வார்ப்பு எல்லாம் தனித்தனி விலை. கேன் மெல்லிசு, மேலே பெயின்ட், உருக்கினால் பாதி புகையாகப் போகிறது என்று பட்டறைக்காரர்கள் கழித்துத்தான் எடுப்பார்கள்.

இனி நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். எங்கள் சரக்கு போகிற பட்டறையில் கேன் கேனாக ஆவதில்லை. எல்லாவற்றையும் ஒரே உலையில் போட்டுப் பாளமாக ஊற்றுகிறார்கள். அந்தப் பாளம் வண்டி உதிரிபாக வார்ப்புக்கும், இரும்பு ஆலைக்கும் போகிறது. உங்கள் மாணவியிடம் "வேற ஏதாச்சும் ஆயிடும்" என்றுதான் நான் சொல்லுவேன்.

பதிவு 3 | வார்ப்படம்

டீச்சர், நான் அலுமினிய வார்ப்புப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு வருடம் வளைகுடாவில், பழைய கேனை உருக்கிக் கேன் தகடு தயாரிக்கிற ஒரு ஆலையில். மதுரைத் தம்பி சொன்னது அவர் கண்ணால் பார்த்த உண்மை. அதற்கான காரணம் தெரிந்தால் மாணவியின் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

கேன் என்பது ஒரே உலோகம் இல்லை. உடல் ஒரு கலவை, மூடி இன்னொரு கலவை. உடலுக்கு 3104 என்ற கலவை: அலுமினியத்தோடு ஏறக்குறைய 1 சதவீதம் மாங்கனீசு, 1 சதவீதம் மக்னீசியம். மூடிக்கு 5182: மக்னீசியம் 4 முதல் 5 சதவீதம், மாங்கனீசு அரை சதவீதத்துக்குள். உடல் தகடு கிழியாமல் இழுபட வேண்டும். மூடியோ தட்டையாக இருந்துகொண்டே உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அதனால் அது கடினமான ஜாதி.

இரண்டையும் சேர்த்து உருக்கினால் மக்னீசியம் உடலுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அது பெரிய பிரச்சினை இல்லை. மக்னீசியம் உலையிலேயே ஓரளவு எரிந்துபோகும், மிச்சத்துக்குக் கொஞ்சம் சுத்த அலுமினியம் சேர்த்து இறக்கிவிடலாம். ஆக, பழைய கேனிலிருந்து புதுக் கேனின் உடல் நன்றாகவே வரும். மூடிதான் சிரமம். உடலில் உள்ள மாங்கனீசு மூடிக்கு அதிகம், அதை உலையில் கழிக்க முடியாது. அதனால் மூடித் தகட்டில் புது உலோகம் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

உண்மையான எதிரி சிலிக்கான். வண்டி என்ஜின் வார்ப்புகளில் அது பத்து சதவீதம் வரைக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். கேன் உடலில் 0.6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் கேனோடு நூறு கிலோ என்ஜின் வார்ப்பு விழுந்துவிட்டது என்று வையுங்கள். பத்து கிலோ சிலிக்கான் உள்ளே போய்விட்டது. 1,100 கிலோவில் அது 0.9 சதவீதம். அந்த உலை முழுக்கக் கேனுக்கு ஆகாது. குழம்பில் உப்பு கூடினால் எடுக்க முடிகிறதா? தண்ணீர் ஊற்றித்தானே சமாளிக்கிறோம். இங்கே அந்தத் தண்ணீர், பாக்சைட் என்ற தாதுவிலிருந்து புதிதாக எடுத்த விலை உயர்ந்த அலுமினியம்.

எனவே டீச்சர், கேன் கேனாக ஆவதும் ஆகாததும் உலையில் முடிவாவதில்லை. உங்கள் பிள்ளைகள் கட்டின சாக்கில், தம்பியின் கடைக் குவியலில், லாரியில் ஏற்றும் இடத்தில் முடிவாகிறது. கடைசி வரைக்கும் கேன் தனியாகவே போனால் கேனாகும். நடுவில் ஒரு இடத்தில் கலந்தாலும் வேறு பொருள்தான்.

ஆலையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கேன்கள் அழுத்திக் கட்டிய கட்டுகளாக வரும். அவற்றைப் பிரித்து, பெரிய இயந்திரத்தில் உள்ளங்கை அகலத் துண்டுகளாக்கி, காந்தத்தால் இரும்பை எடுத்து, காற்றடித்து கனமான மண், கல்லைப் பிரிப்பார்கள். அடுத்ததுதான் முக்கியமான கட்டம்: பெயின்ட் நீக்குவது. சுழலும் உருளைச் சூளையில் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூடான வாயுவில் துண்டுகளைப் புரட்டுவார்கள். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதற்குக் கீழேயே பெயின்ட்டும் உள்பூச்சும் ஆவியாகிவிடும். அந்த ஆவியை எரித்து அதே சூளைக்குச் சூடு எடுத்துக்கொள்வார்கள். உள்ளே சிவப்பும் பச்சையுமாகப் போனது, வெளியே விபூதி பூசினதுபோல வெளிறிய சாம்பல் நிறத்தில் வரும். பிராண்டு பெயர் எதுவும் அதில் இருக்காது. ஆறு வருடத்தில் எனக்கு அலுக்காத காட்சி அது.

இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் நேராக உலையில் போடுவதால்தான் மதுரைப் பட்டறையில் "பாதி புகை" ஆகிறது. மெல்லிய தகடு உருகிய உலோகத்தின் மேல் மிதந்தால் காகிதம்போலப் பற்றி ஆக்சைடு ஆகிவிடும். நாங்கள் உருகிய அலுமினியத்தைப் பம்பு வைத்துச் சுழற்றி, நீர்ச்சுழி மாதிரி குழி உண்டாக்கி, துண்டுகளை அதில் கொட்டுவோம். காற்றுப் படுவதற்குள் அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே படியும் கசடை வாரி எடுத்து, அதிலிருந்தும் மிச்ச உலோகத்தைப் பிரிப்போம்.

அப்புறம் ஆர்கான் வாயுவைக் குமிழாக விட்டு, உருகிய உலோகத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றுவது, சல்லடை போன்ற பீங்கான் வடிகட்டியில் வடிப்பது. கடைசியில் இருபது டன்னுக்கு மேற்பட்ட பாளமாக வார்ப்பார்கள். அறுபது சென்டிமீட்டர் கனம். அதைச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவே பலமுறை ஓட்டி, பிறகு குளிர்ந்த நிலையிலும் ஓட்டினால் கால் மில்லிமீட்டர் தகடாகும். ஒரே பாளம் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுருளாகிவிடும்.

பதிவு 4 | நல்லசிவம், திருநெல்வேலி

வார்ப்படம் சார், விளக்கம் அருமை. ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் தோண்ட வேண்டும். அதைச் சுத்தம் செய்தால் அலுமினா என்ற வெள்ளைத் தூள் இரண்டு டன். கூடவே ஒவ்வொரு டன் அலுமினாவுக்கும் ஒரு டன்னுக்குக் குறையாமல் காரம் கலந்த செஞ்சேறு மிஞ்சுகிறது. அதைக் கொட்டி வைத்த ஏரிகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கிற பானத்துக்கு இப்படி ஒரு உலோகம் தேவையா? நம் ஊர் கோலி சோடா பாட்டிலைக் கழுவிக் கழுவி எத்தனை வருடம் ஓட்டினோம்! மறுசுழற்சி என்று சொல்லிச் சொல்லியே கேனை நல்ல பிள்ளையாக்கிவிடுகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதிவு 5 | வார்ப்படம்

நல்லசிவம் சார், நீங்கள் சொல்கிற செஞ்சேற்றை நானும் பார்த்தவன். மறுக்க மாட்டேன். பக்கத்திலேயே கழுவி நிரப்புகிற இடம் இருந்தால் கோலி சோடா பாட்டிலை எந்தக் கேனும் ஜெயிக்க முடியாது. ஆனால் கேன் ஏற்கெனவே நம் கையில் வந்துவிட்டது. இனி அதை என்ன செய்கிறோம் என்பதுதான் டீச்சரின் கேள்வி.

அலுமினாவை மின்பகுப்பு செய்து, அதாவது மின்சாரம் பாய்ச்சிப் பிரித்து, உலோகம் எடுக்கும் முறையை 1886 இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. இன்றைக்கும் அதே முறைதான். ஒரு கிலோ உலோகத்துக்கு மின்பகுப்புக்கு மட்டும் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் தின்னும். பழைய உலோகத்தை உருக்க, கோட்பாட்டின்படி கிலோவுக்கு 0.3 யூனிட் அளவுக்கு வெப்பம் போதும். உலையில் வீணாகிற வெப்பத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். அப்படியும், எல்லாச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் புது உலோகத்தைவிட ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

மாணவிக்கு இப்படிச் சொல்லுங்கள் டீச்சர். 13 கிராம் கேன் ஒன்றைப் புதிதாக எடுக்க மின்பகுப்பில் 0.18 யூனிட் போகிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இருபது மணி நேரம் எரிகிற மின்சாரம் அது.

மேட்டூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். சேர்வராயன் மலை, கொல்லிமலை பாக்சைட்டை வைத்து மேட்டூரில் மால்கோ என்ற நிறுவனம் அலுமினியம் எடுத்தது. அணை மின்சாரம் இருந்ததால் வந்த தொழில். 2008 இல் அந்த உலைகள் நின்றன. இந்த உலோகத்துக்கு மண்ணைவிட மின்சாரம்தான் மூலப்பொருள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

பதிவு 6 | பேணி, பெர்லின்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப முப்பது வருசமாக பெர்லினில். நாங்கள் கேனைப் பேணி என்றுதான் சொல்லுவோம், இங்கே என் பெயரே அதுதான்.

வார்ப்படம் அண்ணை சொன்ன "கலக்காமல் தனியாக" என்ற விசயம் இங்கே எப்படி நடக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். ஜெர்மனியில் 2003 ஜனவரி 1 முதல் பியர், சோடா போன்ற பேணிகளுக்கு 25 சதம், அதாவது கால் யூரோ, முன்பணம். குடிபானத்தின் விலையோடு அதையும் கட்டித்தான் வாங்க வேண்டும். வெறும் பேணியைக் கடைக்குக் கொண்டுபோனால் காசு திரும்ப வரும். ஆரம்பத்தில் சரியான குழப்பம். ஒரு கடையில் வாங்கியதை வேறு கடையில் எடுக்கமாட்டார்கள். 2006 மே மாதத்துக்குப் பிறகுதான் பேணி விற்கிற பெரிய கடைகள் எந்தப் பேணியையும் எடுக்கவேண்டும் என்று ஆனது.

கடை வாசலில் ஒரு இயந்திரம் இருக்கும். வட்டமான வாயில் பேணியைப் படுக்க வைத்தால் உள்ளே இழுத்து, உருட்டி, பட்டைக்கோட்டை (பார்கோடு) படிக்கும். பிறகு பின்னால் "கிறக்" என்று நசுக்குகிற சத்தம். ஒரு பேணிக்கு இரண்டு தரம் காசு எடுக்காமல் இருக்கத்தான் உடனே நசுக்குகிறது. அதனால் இங்கே நாங்கள் பேணியை நசுக்கவே கூடாது. நசுங்கினால் கோட்டைப் படிக்காது, காசு இல்லை. பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே இது பழகிவிடும். என் மகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு சேர்த்ததே இப்படித்தான்.

அந்த இயந்திரத்துக்குள் போவதெல்லாம் பேணிதான், என்ஜின் துண்டு போவதற்கு வழி இல்லை. பாருங்கோ, தரம் பிரிக்கிற வேலை வாசலிலேயே முடிந்துவிட்டது. பழைய பேணியில் ஏறக்குறைய 99 வீதம் திரும்ப வருகிறது. கிழக்கு ஜெர்மனியில் நாக்டர்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் 2014 இல் ஒரு உருக்காலை திறந்தார்கள், ஆண்டுக்கு நான்கு இலட்சம் தொன் உருக்கக் கூடியது. அது நோவெலிஸ் கொம்பனியினுடையது. 2007 முதல் நோவெலிஸ் இந்தியாவின் ஹிண்டால்கோவுக்குச் சொந்தம். உங்கள் மாணவிகளுக்கு இதையும் சொல்லுங்கோ டீச்சர்.

நல்லசிவம் ஐயா, போத்தல் விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. இங்கே திரும்பத் திரும்ப நிரப்புகிற பியர்ப் போத்தலுக்கு முன்பணம் வெறும் 8 சதம், பேணிக்கு 25. போத்தலை ஊக்குவிக்கத்தான் அப்படி. முன்பணம் வந்த புதிதில் பேணி கடைகளில் காணாமலே போய்விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துவிட்டது.

பதிவு 7 | தேன்மொழி டீச்சர்

நேற்று வார்ப்படம் சாரின் பதிவை வகுப்பில் வாசித்தேன். உப்பு உதாரணத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பையன் கேட்டது: தகடு தட்டையாக இருக்கிறதே, அதில் ஒட்டுப்போட்ட தடம் இல்லாமல் எப்படி உருண்டையாகக் கேன் வரும்? எனக்கும் தெரியவில்லை.

பதிவு 8 | வார்ப்படம்

நல்ல கண் அந்தப் பையனுக்கு. கேன் உடலில் ஒட்டே கிடையாது. தகட்டிலிருந்து வட்டம் வெட்டி, அந்த வட்டத்தை அமுக்கி அகலமான, ஆழமில்லாத கிண்ணமாக்குவார்கள். அடுத்த இயந்திரத்தில் ஒரு தண்டு அந்தக் கிண்ணத்தை உள்ளிருந்து தள்ளி, ஒன்றைவிட ஒன்று குறுகலான வளையங்கள் வழியாக ஒரே மூச்சில் ஓட்டும். சுவர் மெலிந்து உயரமாக இழுபடும். அடியின் கனம் அப்படியே கால் மில்லிமீட்டர், சுவரோ 0.1 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் கனம். அதே ஓட்டத்தில் அடிப்பாகம் உள்பக்கமாகக் குழிந்துவிடும். அணைக்கட்டு வளைவாக இருப்பதுபோலத்தான் இதுவும், அழுத்தம் தாங்குவதற்கு.

விளிம்பை வெட்டிச் சமமாக்கி, கழுவி, வெளியே அச்சடித்து, உள்ளே மெல்லிய பூச்சு தெளித்துச் சூடாக்குவார்கள். பானத்தின் புளிப்பு உலோகத்தைத் தொடாமல் இருக்கத்தான் உள்பூச்சு. கடைசியில் கழுத்தைக் குறுக்குவது. மூடி சின்னதானால் அவ்வளவு உலோகம் மிச்சம், அந்த மூடி உலோகம்தானே விலை அதிகம். பானம் நிரப்பின பிறகுதான் மூடி வைத்து மடிப்பார்கள்.

சுவரில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் அந்த இழுப்பில் ஓட்டை விழும். வடிகட்டுவதில் நாங்கள் அவ்வளவு கறாராக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிவு 9 | சிங்கை கதிர்

சிங்கப்பூரில் 2026 ஏப்ரல் 1 தொடக்கம் என்று இதே மாதிரி திட்டம். பிளாஸ்டிக் பாட்டில், கேன் இரண்டுக்கும் பத்து காசு முன்பணம். ஆனால் எனக்கு ஒரு கவலை. எங்கள் அடுக்குமாடிகளில் காரங்குனி எனப்படும் பழைய சாமான் வாங்குகிற ஆட்களும், வயதான பாட்டிகளும் காபிக்கடை மேசைகளிலிருந்து கேன் எடுத்து, தரையில் வைத்துக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக் கொண்டுபோய் விற்பார்கள். பெர்லின் அண்ணன் சொல்வதைப் பார்த்தால் நசுக்கினால் காசு கிடைக்காது. முப்பது வருடப் பழக்கம். யார் அவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுப்பது?

பதிவு 10 | எடைக்கடை மகன், மதுரை

கதிர் அண்ணே, இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எங்களிடம் கேன் கொண்டுவருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். விடிவதற்கு முன்னால் சாக்கோடு கிளம்புகிறவர்கள். ஒரு கிலோவுக்கு எண்பது கேன் பொறுக்க வேண்டும். மனிதக் கை தொடாமல் இந்த நாட்டில் ஒரு கேன்கூட உலைக்குப் போவதில்லை. இயந்திரம் வைத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்வோம் என்றால் அந்தம்மாக்களுக்கு என்ன மிச்சம்?

நீலகிரியில் 2022 இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் குறைந்தது, யானைகளின் கால்கள் தப்பித்தன, நல்ல விஷயம். கேனுக்கும் வந்தால் பொறுக்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு வரட்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

பதிவு 11 | பேணி, பெர்லின்

தம்பி, இங்கேயும் பொறுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், நிறைய. ஓய்வூதியம் காணாத வயோதிபர்கள், வீடு இல்லாதவர்கள். 25 சதம் என்பதால் நாலு பேணி ஒரு யூரோ. ஆட்கள் பூங்காவில் குடித்துவிட்டுப் பேணியைத் தொட்டிக்குள் போடுவதில்லை, தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுக்கிறவர் குப்பைக்குள் கைவிடக்கூடாது என்பதற்காக. நானும் அப்படித்தான் வைப்பேன். முன்பணம் அவர்களுடைய வருமானத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் ஒரு வயோதிபர் இரவு பதினொரு மணிக்கு ரயில் நிலையத்தில் பேணி தேடுகிற நிலைமை இருக்கிறதே, அதற்கு இந்தத் திட்டம் பதில் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பதிவு 12 | வார்ப்படம்

முன்பணம் இல்லாமலே சாதித்த நாடு பிரேசில். பல வருடங்களாக அங்கே 95 சதவீதத்துக்கு மேல் கேன் திரும்ப வருகிறது. காரணம் மதுரைத் தம்பி சொன்ன அதே கைகள். அங்கே அவர்களைக் கட்டடோர் என்பார்கள். கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, தாங்களே தரம் பிரித்து, கட்டு கட்டி, விற்கிறார்கள். சாவோ பாவ்லோ மாநிலத்தில் பிந்தாமோன்யங்காபா என்ற ஊரில் உள்ள ஆலை அவற்றை உருக்கி அங்கேயே கேன் தகடாக்குகிறது. தம்பி, பக்கத்தில் கேன் தகடு ஆலை இருந்து, "கேன் மட்டும்" என்று கேட்டு நல்ல விலை கொடுத்திருந்தால் உங்கள் பட்டறையும் பிரித்துத்தான் அனுப்பியிருக்கும். நம் பக்கம், சென்னைக்கு வடக்கே ஆந்திராவில் உள்ள ஸ்ரீசிட்டியில் கேன் செய்கிற ஆலை இருக்கிறது. ஆனால் அது தகட்டை வாங்கிக் கேன் செய்கிற இடம், பழைய கேனை உருக்குகிற இடம் இல்லை.

பதிவு 13 | நல்லசிவம், திருநெல்வேலி

"எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுசுழற்சி செய்யலாம்" என்று கேன் விளம்பரங்களில் போடுகிறார்களே, அது உண்மையா சார்?

பதிவு 14 | வார்ப்படம்

உலோகத்தின் தன்மையைப் பொறுத்தவரை உண்மை. பிளாஸ்டிக்போலவோ காகிதம்போலவோ ஒவ்வொரு சுற்றிலும் அது நலிவதில்லை. ஆனால் அளவு குறையும். உருக்குவதில் நூற்றுக்கு 95 தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கேனில் 90 திரும்ப வருகிற ஊரில் ஒரு சுற்றுக்கு 85 நிற்கும். பத்துச் சுற்று முடிந்தாலும் 20 கேனுக்கான உலோகம் மிஞ்சும். திரும்ப வருவது 45 என்று இருக்கிற ஊரில் மூன்றாவது சுற்றிலேயே 8 கேன்தான். அமெரிக்காவின் கதை ஏறக்குறைய இது. அங்கே பாதிக் கேன்கூடத் திரும்ப வருவதில்லை. இத்தனைக்கும் அலுமினியப் பானக் கேனை 1959 இல் கொலராடோவில் கூர்ஸ் என்ற பியர் நிறுவனம் கொண்டுவந்தபோதே, காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சென்ட் தருவோம் என்று ஆரம்பித்தார்கள். அங்கேயே முன்பணம் பத்து சென்ட் வைத்திருக்கிற மிச்சிகன் போன்ற மாநிலங்களில் நிலைமை எவ்வளவோ மேல். தொட்டியில் விழுந்த கேன் உருகி, தகடாகி, மறுபடி கடைக்கு வர அறுபது நாள் போதும் என்பது இந்தத் தொழிலில் சொல்கிற கணக்கு. அப்படியானால் பத்துச் சுற்று இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். விளம்பரத்தில் "எத்தனை தடவையும்" என்று போடுகிறவர்கள் திரும்ப வந்த கணக்கையும் பக்கத்தில் போட வேண்டும். இந்த இடத்தில் நல்லசிவம் சார் கட்சிதான் நானும்.

பதிவு 15 | தேன்மொழி டீச்சர்

சாக்கை எடை போட்டாயிற்று. மொத்தம் 318. மதுரைத் தம்பி சொன்னபடி காந்தம் வைத்துப் பார்த்தோம், 27 இரும்பு. மிச்சம் 291, எடை 3 கிலோ 600 கிராம். பிள்ளைகள் கணக்கும் போட்டுவிட்டார்கள்: கிலோவுக்கு 14 யூனிட் வீதம் 50.4, அதில் 95 சதவீதம் ஏறக்குறைய 48 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற இலவச நூறு யூனிட்டில் பாதி!

இரண்டு சந்தேகம். மேலே இருக்கிற இழுக்கும் வளையத்தைத் தனியாகப் பிடுங்கிச் சேர்த்தால் ஏழைகளுக்குச் சிகிச்சை கிடைக்கும் என்று ஒரு தாய் சொல்லி அனுப்பியிருக்கிறார், அது உண்மையா? இன்னொன்று, அடுத்த முறை கேனை நசுக்கிப் போடலாமா?

பதிவு 16 | வார்ப்படம்

கணக்கு சரி, பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: உருக்கும்போது கொஞ்சம் கசடாகப் போய்விடும், அதனால் 48 க்கு ஒன்றிரண்டு யூனிட் குறையும்.

வளையத்தைப் பிடுங்க வேண்டாம். அதுவும் கேனோடு போக வேண்டிய உலோகம்தான். தனியாக இருந்தால் சல்லடையில் நழுவிக் குப்பைக்குப் போய்விடும். வளையத்துக்குப் பதிலாகச் சிகிச்சை என்பது உலகம் முழுக்கப் பல வருடமாகச் சுற்றுகிற வதந்தி.

தண்ணீர் விஷயம் மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். நான் இருந்த ஆலை ஒன்றில், மழையில் நனைந்த கட்டு ஒன்று சரிபார்க்காமல் உலைக்குப் போய்விட்டது. உருகிய அலுமினியத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டினால் ஒரே நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும். இடி விழுந்த சத்தம். கூரைத் தகட்டில் அலுமினியம் தெறித்து ஒட்டிக்கொண்டது. என் பக்கத்தில் நின்றவரின் முகக்கவசத்தில் மிளகு மிளகாக வெள்ளிப் புள்ளிகள். யாருக்கும் காயம் இல்லை, ஆனால் அன்று முழுக்க என் கை நடுங்கியது. உங்கள் பிள்ளைகள் கேனைக் கவிழ்த்து வடியவிட்டார்களே, அது எங்கோ உலை வாயில் நிற்கிற ஒருவருக்குச் செய்த உதவி.

பதிவு 17 | எடைக்கடை மகன், மதுரை

டீச்சர், நசுக்குவதானால் பக்கவாட்டில் லேசாக மட்டும் மிதிக்கச் சொல்லுங்கள். உருண்டையாகச் சுருட்டினால் உள்ளே மண் இருக்கிறதா என்று பார்க்க முடியாமல் கடைக்காரர் விலையைக் குறைப்பார்.

வார்ப்படம் அண்ணன் எழுதினதைப் படித்த பிறகு அப்பாவிடம் பேசினேன். கேன் சாக்கை இனிமேல் வார்ப்புத் துண்டோடு சேர்த்து ஏற்றுவதில்லை, தனியாகவே கட்டி வைப்போம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு லோடு சேரட்டும், கேனை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குகிற ஆள் வடக்கே யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன். ஈரோட்டில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கடை உண்டு, விலாசம் தனிமடலில் தருகிறேன்.

பதிவு 18 | தேன்மொழி டீச்சர்

மிக்க நன்றி தம்பி. சாக்கைத் திரும்பப் பிரித்தபோது வாசனைத் திரவிய டப்பா நாலு கிடைத்தது. காந்தத்தில் ஒட்டவில்லை. இதையும் கேனோடு போடலாமா?

பதிவு 19 | எடைக்கடை மகன், மதுரை

வேண்டாம் டீச்சர், அதைத் தனியாக எடுத்துவிடுங்கள். உள்ளே வாயு மிச்சம் இருந்தால் அழுத்தும்போது வெடிக்கும். பிள்ளைகளை ஓட்டை போட விடாதீர்கள். ஒரு பையில் போட்டு அந்தக் கடைக்காரர் கையில் கொடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.